கொல்லாட்டு வீட்டு ஏடும் மணிலாலின் அரை நூற்றாண்டும்

ஆலுவாவில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே பறவூர், சேந்தமங்கலம் பக்கம் திரும்புகிறது. மற்றொன்று வராப்புழைப் பக்கமாகக் கொச்சிக் காயலை நோக்கிச் செல்கிறது. வடக்கன் பறவூரை அடுத்த வடக்கேக்கரையில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட நூல், பிறந்த ஊரிலிருந்து தோணியிலேயே சென்றுவிடக்கூடிய கொச்சிக் கோட்டையில், அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்கு முன் உருவானது. நூலில் பேசப்படும் செடிகள் அவர் வீட்டு வேலியிலும் வளர்ந்தவை. ஆயினும் அதைப் படிப்பதற்கு அவர் லத்தீன் மொழியின் வழியாகத்தான் செல்ல வேண்டியிருந்தது.

அந்நூல் ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’, அதாவது மலபாரின் தோட்டம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 தாவரங்களைப் பற்றிய விவரிப்புகளும் 790க்கு மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்களும் கொண்டது. முதல் தொகுதியின் முதல் தாவரம் தெங்கு. தொகுப்பித்தவர் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநராக 1670 முதல் 1677 வரை இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட்.

வான் ரீட்டின் நோக்கத்தை அறிவுத் தாகம் என்று மட்டும் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய கம்பெனிக்கு, தன் படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் வேண்டிய மருந்தைக் கப்பலேற்றி ஐரோப்பாவிலிருந்து வரவழைப்பது பெருஞ்செலவாக இருந்தது. அப்படி வந்த மருந்துச் சரக்குகளிற் பல முதலில் கீழைநாடுகளிலிருந்தே சென்றவை. மலபாரில் கிடைக்கும் மருந்தை மலபாரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுவ வேண்டியிருந்தது. இலங்கையையே கம்பெனியின் தலைமையிடமாக்க விரும்பிய வான் கூன்ஸ் என்ற மேலதிகாரியோடு வான் ரீட்டுக்கு இருந்த பகையும் இதிற் சேர்த்தி. மலபார் எவ்வளவு வளமானது என்பதற்கு இந்நூல் ஒரு வாதுரையும் ஆகும். ஓர் ஆவணத்தின் பின்னாலிருக்கும் கணக்கு வழக்கைச் சொல்வதால் ஆவணத்தின் மதிப்புக் குறைவதில்லை. அது எதைப் பதிவு செய்தது, எதை விட்டது என்பதை விளங்கிக்கொள்ள அக்கணக்கும் தேவை.

நூலுக்குப் பொருள் தந்தவர்கள் யார் என்பது முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. மூன்று சான்றுரைகள் அங்கே உள்ளன. ஒன்று, கரப்புறம் பகுதியைச் சேர்ந்த கொல்லாட்டு வீட்டு வைத்தியர் இட்டி அச்சுதனுடையது. கரப்புறம் என்பது இன்றைய சேர்த்தலை வட்டாரம். வீடு இருந்தது கடக்கரப்பள்ளியில். அச்சுதன் ஈழவர். ஆளுநரின் ஆணைப்படி கொச்சிக்கு வந்து, தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஏட்டில் உள்ளபடியும் தம் அனுபவத்தின்படியும் செடிகளின் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் சொல்லி எழுதுவித்ததாக 1675 ஏப்ரலில் அவர் கோலெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். இரண்டாவது, அவர் சொல்லச் சொல்லப் போர்த்துகீசிய மொழியில் எழுதிய கொச்சி மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்நெய்ரோவுடையது. ஆரிய எழுத்தில் உள்ளது. மூன்றாவது, ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி பிராமண வைத்தியர்களுடையது; நாகரி எழுத்தில், கொங்கணி மொழியில். கோவாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொச்சியில் நிலைகொண்ட சமூகத்தவர் இவர்கள். இன்றும் மட்டாஞ்சேரியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கொங்கணி காதில் விழும். ‘மஹாநிகண்டு’ என்ற நூலை ஆதாரமாகக் கொண்டதாக அம்மூவரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். வைத்தியர்கள் ஒருவரோடொருவர் கருத்து மாறுபட்டபோதும் எவ்வளவு அடக்கத்தோடு வாதிட்டார்கள் என்பதை வான் ரீட் மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் வியந்து எழுதுகிறார்.

மலையாள எழுத்து முதன்முதலாக அச்சேறியது இந்நூலில்தான், 1678இல். தனித்தனி எழுத்து வார்த்துக் கோக்காமல், வரைந்து செதுக்கிய தகடுகளில். சரியாக நூறாண்டுக்கு முன், 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் அச்செழுத்தில் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. தமிழ் அச்சு வரலாறு படிப்போர் கொச்சியை அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். வட்டெழுத்தின் பிற்கால உருவமாகிய கோலெழுத்தில் ஓர் ஈழவ வைத்தியர் எழுதிய உரைநடை, அதே ஊரில் எழுதப்பட்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியிருப்பது தமிழ் எழுத்து வரலாற்று மாணவர்களுக்கும் உரிய பொருள்தான். அது தாவரவியலாரின் சொத்து என்று விட்டுவிடப்பட்டது.

அச்சுதன் சொன்னது மலையாளத்தில். கர்நெய்ரோ அதைப் போர்த்துகீசியத்துக்குக் கொண்டுசென்றார். கொச்சி நகரச் செயலராக இருந்த கிறிஸ்டியான் ஹெர்மன் வான் டோனெப் லத்தீனாக்கினார். யோஹன்னஸ் காசேரியுஸ் என்னும் மதபோதகர் அதற்கு நூலுருவம் கொடுத்தார். பின்னர் நெதர்லாந்தில் பேராசிரியர்கள் உரைக்குறிப்புகள் சேர்த்தார்கள். இத்தனை கைகள் மாறிய பிறகு, சொன்னவர் குடும்பத்தில் ஒருவராலும் படிக்க முடியாத மொழியில் அது நின்றது. அச்சுதனின் ஏடு பின்னர் காணாமற்போயிற்று. ஆகவே அந்த வைத்திய மரபின் எழுத்து வடிவம் லத்தீனில் மட்டுமே எஞ்சியது.

ஐரோப்பா அந்நூலை எப்படிப் பயன்படுத்திற்று என்பது வகைப்பாட்டியல் படித்த எவருக்கும் தெரியும். லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. மலபார்த் தாவரங்கள் பலவற்றை அவர் அறிந்தது வான் ரீட்டின் படங்கள் மூலமாக. 1753இல் வெளிவந்த ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலில் அப்படங்களை மேற்கோள் காட்டிப் பெயரிட்டார். வான் ரீட்டின் தாவரங்களுக்கு உலர்மாதிரித் தொகுப்பு இல்லாததால், பல சிற்றினங்களுக்கு அப்படமே இன்றும் வகைமாதிரி. ஏலக்காயின் பேரினப் பெயர் எலெட்டேரியா. அது நூலில் உள்ள ‘ஏலத்தரி’ என்ற சொல். புங்கத்தின் பழைய பேரினப் பெயர் பொங்காமியா. சண்பகம் சம்பாக்கா ஆயிற்று. இவ்வாறு பெயர்கள் அறிவியலுக்குள் நுழைந்தன. ஒவ்வொரு தாவரத்தின் கீழும் எழுதப்பட்டிருந்த மருத்துவப் பயன் யாருடைய கவனத்தையும் பெரிதாகக் கவரவில்லை. படமும் பெயரும் போதுமானவையாக இருந்தன. பர்மன், டென்ஸ்டெட், புக்கானன் ஹாமில்டன், தில்வின் என்று 18, 19ஆம் நூற்றாண்டுகளில் விளக்கம் எழுதியவர்கள் அனைவருக்கும் கேள்வி ஒன்றே: இந்தப் படம் எந்தச் சிற்றினம்? இவர்களுள் மலபாரில் நடந்து பார்த்தவர் புக்கானன் ஒருவரே என்று சொல்லிவிடலாம்.

மணிலால் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்று, மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வை முடித்தார். 1964இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் கோழிக்கோடு மையத்தில் தாவரவியல் துறையில் சேர்ந்தார். அம்மையமே 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகமாயிற்று. ‘கோழிக்கோட்டின் தாவரங்கள்’, ‘அமைதிப் பள்ளத்தாக்கின் தாவரங்கள்’ ஆகிய தாவரத் தொகுப்பு நூல்கள் அவர் பெயரை நிலைநாட்டின. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டுமா வேண்டாமா என்று நாடே வாதிட்ட காலத்தையொட்டி, அங்கே என்னென்ன வளர்கின்றன என்று எண்ணிச் சொன்னவர்களுள் அவர் ஒருவர். அப்பணி மட்டுமே ஒரு பேராசிரியரின் வாழ்நாளுக்குப் போதும். மணிலாலுக்கு அது பக்கவேலை.

முதன்மை வேலை எளிமையாகச் சொல்லக்கூடியது. நூலில் உள்ள 742 தாவரங்களையும் வான் ரீட்டின் ஆட்கள் பறித்த அதே நிலப்பரப்புகளில் தேடிப் பிடித்து, படத்தோடும் விவரிப்போடும் ஒப்பிட்டு, இன்றைய பெயர் கொடுப்பது. ஏறத்தாழ எல்லாவற்றையும் அவரும் அவர் மாணவர்களும் மீண்டும் சேகரித்தார்கள். இதிலுள்ள உழைப்பு களப்பணி செய்தவர்களுக்கே விளங்கும். ஒரு செடி பூக்கும் பருவம் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் சதுப்பாக இருந்த இடம் இன்று கட்டடமாக இருக்கும். படம் வரைந்தவர் பூவைத் தனியாகவும் கனியைத் தனியாகவும் வரைந்திருப்பார். இரண்டும் ஒரே செடியினுடையவைதாமா என்ற ஐயம் எழும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். டச்சுக்காரர் காதில் விழுந்த மலையாளத்தை ரோம எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ‘ச’ என்னும் ஒலிக்கு அவர்கள் மூன்றெழுத்துகளை அடுக்குவார்கள். ‘ட்ஸ்ஜானக்குவா’ என்று கண்ணில் படுவது சண்ணக்கூவை. ‘மஞ்செல்லக்குவா’ நம் மஞ்சள். உரக்க வாசித்தால் ஒரு மலையாளிக்கோ தமிழருக்கோ உடனே பிடிபடும் சொற்களை ஐரோப்பிய உரையாசிரியர்கள் 200 ஆண்டுகள் புதிர்போல வைத்துப் பார்த்தார்கள். உள்ளூர் மொழியறிவு வகைப்பாட்டியலில் ஒரு முறையியல் கருவி என்பதை மணிலாலின் பணி மெய்ப்பித்தது. இதை ஆய்வு முறையியல் பாடங்களில் ஏனோ சொல்வதில்லை.

மொழியறிவு மட்டும் போதும் என்று நினைத்தாலும் சறுக்கும். ஒன்பதாம் தொகுதியில் ‘தொட்டாவாடி’ என்றொரு செடி உண்டு. இன்று கேரளத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் தொட்டாவாடி என்று காட்டுவது ஊதாப்பூப் பூக்கும் முட்செடியை, நாம் தொட்டாற்சுருங்கி என்பதை. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களை. வான் ரீட்டின் படத்தில் இருப்பதோ மஞ்சள் பூவுள்ள சின்னஞ்சிறு பயோஃபைட்டம். இன்று முக்குற்றி என்று தசபுஷ்பங்களில் ஒன்றாக வைக்கப்படுவது. தொட்டால் அதன் இலைகளும் மடங்கும். வந்தேறிச் செடி பழைய செடியின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது; பழையது வேறு பெயரில் வாழ்கிறது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு 17ஆம் நூற்றாண்டு வைத்தியக் குறிப்பை இன்று ஒருவர் கையாண்டால் முற்றிலும் வேறொரு செடியைக் கொடுத்துவிடுவார். மூலிகை அறிவைப் பதிவு செய்வோர் வட்டாரப் பெயரோடு உலர்மாதிரியையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று வற்புறுத்தப்படுவது இதனால்தான். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவச் சுவடிகளில் ஒரே பெயர் இரண்டு மூன்று செடிகளுக்கு வழங்குவதைக் கண்டு தலையைப் பிய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர்களுக்கு இந்தச் செய்தி புதிதன்று.

இப்பணியின் தாவரவியல் பகுதி 1988இல் நிறைவுற்றது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டான் நிக்கல்சன், மணிலாலின் மாணவர் சி. ஆர். சுரேஷ் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய விளக்க நூல் அவ்வாண்டு வந்தது. சிற்றினங்களுக்கு வகைமாதிரி தேர்ந்தெடுப்போர் இன்றும் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். துறைசார் புகழுக்கு அதுவே எல்லை. அங்கே நின்றிருந்தால் அவரும் முந்தைய உரையாசிரியர்களின் வரிசையில், எல்லாரினும் துல்லியமானவராக, இடம்பெற்றிருப்பார். அவர் நிற்காததற்குக் காரணம், 300 ஆண்டுகளாக எவரும் முழுமையாக மொழிபெயர்க்காத அந்த மருத்துவப் பகுதி.

கூடவே அச்சுதன் என்ற ஆளையும் அவர் தேடினார். சான்றுரையில் உள்ள ஊர்ப்பெயரையும் வீட்டுப்பெயரையும் பற்றிக்கொண்டு கடக்கரப்பள்ளிக்குச் சென்றார். கொல்லாட்டுக் குடும்பத்தின் வழியினரையும், முன்னோர் நினைவாக விளக்கேற்றும் குரியாலையையும் அங்கே கண்டார். அச்சுதனின் பங்கு பற்றித் தனி நூலும் எழுதினார். அதுவரை அச்சுதன் பலருக்கு லத்தீன் நூலொன்றின் முன்பக்கத்துக் கையொப்பம் மட்டுமே. தாவரவியல் அவரை முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்ல இயலாது. 19ஆம் நூற்றாண்டில் புளூம் ஒரு பேரினத்துக்கு அச்சுதேமியா என்று பெயரிட்டார். ஆனால் அப்பெயரை எழுதியவர்களில் எத்தனை பேர் அது சேர்த்தலைக்காரர் ஒருவரின் பெயர் என்று அறிந்திருப்பார்கள்?

வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் 1995இல் வெளியிட்ட நூலில், ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ அடிப்படையில் ஈழவரின் அறிவுத் தொகுப்பு என்றும், ஈழவ வகைப்பாட்டின் சாயல் லின்னேயஸ் வரை சென்றது என்றும் வாதிட்டார். முதற்பகுதி பெருமளவு ஏற்கத்தக்கது. இரண்டாம் பகுதி சற்று நீட்டப்பட்டது. பெயர்கள் சென்றன; ஆனால் மகரந்தத்தாள்களை எண்ணி வகுக்கும் முறை கரப்புறத்திலிருந்து சென்றதாகக் காட்டுவது கடினம். கொங்கணி வைத்தியர்களின் பங்கைக் குறைத்தால்தான் அச்சுதனின் பங்கு உயரும் என்பதும் இல்லை. சாதியால் எட்டி நிறுத்தப்பட்ட ஒருவரின் சொல்லும் பிராமண வைத்தியர்களின் சொல்லும் ஒரே தொகுதியில் சான்றுரைகளாக அச்சேறியதே அக்காலத்துக்கு அசாதாரணம். அதற்கு ஒரு கம்பெனி அதிகாரியின் மருந்துச் செலவுக் கணக்கு காரணமாயிற்று என்பது வரலாற்றின் விசித்திரம்.

முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, மருத்துவப் பயன்களோடும் இன்றைய தாவரப் பெயர்களோடும் 12 தொகுதிகளாக 2003இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. மணிலாலுக்கு அப்போது வயது 65. மலையாளப் பதிப்பு 2008இல். மலையாளத்திலிருந்து போர்த்துகீசியம், அதிலிருந்து லத்தீன், அதிலிருந்து மீண்டும் மலையாளம்: முதல் தொகுதி அச்சேறி 330 ஆண்டுகள் கழித்து, அச்சுதன் சொன்னதை அச்சுதன் ஊர்க்காரர் ஒருவர் தம் மொழியில் படிக்க முடிந்தது.

இவ்வாறு திறந்துவைப்பதால் யாருக்கு நன்மை என்ற கேள்வி உடனே வருகிறது, வர வேண்டும். லத்தீனில் பூட்டிக் கிடந்த 742 தாவரங்களின் பயன்கள் ஆங்கிலத்தில் வந்தால் முதலில் படிப்பவர் ஊர் வைத்தியராகத்தான் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. 1995இல் அமெரிக்காவில் மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டதும், அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி வாதாடி 1997இல் அதை நீக்கச் செய்ததும் பலரும் அறிந்தவை. எழுதப்பட்டது காக்கும், பாட்டியின் வாய்ச்சொல்லை அந்த அலுவலகம் சான்றாக ஏற்காது. அந்த வகையில் வான் ரீட்டின் நூல் ஒரு வேலி. ஆனால் அது வேலி மட்டுமே. விளைச்சலில் பங்கு தருவதில்லை. ஏடு தந்த குடும்பத்துக்கு உரிமைப்பங்கு என்ற பேச்சே 1675இல் கிடையாது.

அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர் கேரளத்தின் மற்றொரு தாவரவியலார் பி. புஷ்பாங்கதன். 1987இல் அகத்தியமலைக் காட்டில் களைத்துப்போன ஆய்வுக் குழுவினர், வழிகாட்டி வந்த காணி மக்கள் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டே சோர்வின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தில் ஆய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்தாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 சதவீத உரிமைப்பங்குக்கும் கொடுத்தார்கள். இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பயன்பகிர்வு பற்றி உலகில் எங்கே பாடம் நடந்தாலும் இது எடுத்துக்காட்டாக வரும். பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர் சிலர் தங்கள் அறிவை வெளியே கொடுத்ததை எதிர்த்தார்கள் என்பது அந்தப் பாடத்தில் பெரும்பாலும் வருவதில்லை. வழிகாட்ட வந்த இளைஞர்கள் சொன்னதை ஒரு சமூகமே சம்மதித்ததாகக் கொள்ளலாமா என்ற வினா அங்கே இருக்கிறது. மணிலாலுக்கு அந்தச் சங்கடம் இல்லை, ஏனெனில் அவருடைய தகவலாளி இறந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அச்சுதன் ஆளுநரின் ஆணைப்படி வந்தவர் என்பதை மட்டும் சான்றுரை சொல்கிறது. ஆணையை மறுத்திருக்க முடியுமா என்பது அதில் இல்லை.

நெதர்லாந்து அரசு 2012இல் மணிலாலுக்கு ஆரஞ்சு நாசௌ விருதை அளித்தது. இந்திய அரசின் பத்மஸ்ரீ 2020இல் வந்தது. 2025 ஜனவரி 1 அன்று அவர் மறைந்தார். அவர் தோற்றுவித்த பூக்கும் தாவர வகைப்பாட்டியலார் சங்கத்தின் இதழ் வான் ரீட்டின் பெயரில் ‘ரீடியா’ என்று வெளிவருகிறது.

நூலில் ஒவ்வொரு தாவரத்தின் மருத்துவப் பயனும் பெரும்பாலும் சில வரிகளே. இலைச்சாறு இன்ன நோய்க்கு, வேர்க் கஷாயம் இன்னதற்கு என்ற அளவில் நின்றுவிடுகிறது. எவ்வளவு, எத்தனை நாள், எதோடு சேர்த்து, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பவை காணாமற்போன ஏட்டில் இருந்திருக்கலாம். அல்லது ஏட்டிலும் எழுதாமல் கொல்லாட்டு வீட்டில் வாய்மொழியாகவே இருந்திருக்கலாம். சேர்த்தலையிலும் மட்டாஞ்சேரியிலும் இன்னும் வைத்தியம் பார்க்கும் பழைய குடும்பங்களிடம் மலையாளப் பதிப்பைக் கையிற் கொண்டு சென்று, ஒவ்வொரு செடியாகக் காட்டிக் கேட்கும் வேலை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது. கொங்கணியும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கு அது கூடுதலாகக் கைகொடுக்கும்.